பார்வையாளர் நேரத்தில் அங்கே இருப்பது

என் மகனுக்குக் காய்ச்சல் தொடங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆனால் காரியம் கெடத் தொடங்கியது செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு. நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். டொக்டரின் தலைக்கு மேலே ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் நான் பதில் சொன்னேன்.

அவர் கேட்டது இதுதான்: "மகன் வயலிலோ மாணிக்கக் குழியிலோ இறங்கினாரா?"

"இல்லை," என்றேன். "படிக்கிற பிள்ளை, டொக்டர்."

சிங்களத்தில் கேட்டார், சிங்களத்தில்தான் சொன்னேன். என் சிங்களத்தில் குறை இல்லை. கேள்வி விளங்காமல் சொன்ன பதில் என்று பிறகு யாரிடமும் சமாளிக்க முடியாது. அதற்கு முந்தின வாரம் மகன் நிரோஷனின் காற்சட்டை ஒன்றைப் பின்பக்கத்துக் குழாயடியில் நானே துவைத்திருந்தேன். மடிப்புகளில் சாம்பல் நிறக் களி ஒட்டியிருந்தது. தேயிலை மலையில் அந்த மண் கிடையாது. நிலத்துக்குக் கீழே ஆழத்திலிருந்து வருகிற மண் அது. என் கணவர் பார்ப்பதற்குள் துவைத்துக் காயப்போட்டுவிட்டேன். மகனிடமும் கேட்கவில்லை.

எங்கள் தோட்டம் நிவித்திகலப் பக்கம் இருக்கிறது. கணவர் கணக்கப்பிள்ளை. நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. தோட்டத்தின் எல்லை தாண்டினால் வயல், வயலுக்குள் மாணிக்கக் குழி. மரச்சட்டம் அடித்து, தண்ணீரை இறைத்து இறைத்துக் கீழே போவார்கள். எங்கள் பையன்கள் ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் குழிக்குப் போகத் தொடங்கினால் பிறகு வகுப்புக்கு வர மாட்டார்கள். நான் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு, லயம் லயமாகப் போய்த் தாய்மாரோடு சண்டை பிடிப்பேன். "பிள்ளைய மண்ணுக்குள்ள எறக்கிட்டு நீங்க எப்பிடிச் சோறு திங்கிறீங்க?" என்று ஒருத்தியிடம் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட டீச்சரின் மகன், உயர்தரம் சித்தியடைந்து பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கிறவன், குழியில் இறங்கினான் என்று நான் எப்படிச் சொல்வது? அன்று எனக்கு அப்படித்தான் தோன்றியது. வரிசையில் பின்னால் எங்கள் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் நின்றார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டொக்டர் சும்மா கேட்கவில்லை. நிரோஷனின் கண்கள் சிவந்திருந்தன. கெண்டைக்காலை அவர் மெதுவாக அமுக்கியபோது அவன் கட்டிலிலிருந்து எழும்பிவிட்டான். அதனால்தான் கேட்டார். நான் இல்லை என்றதும் டெங்குவாக இருக்கலாம் என்று வார்ட்டில் அனுமதித்து, இரத்தம் எடுத்தார்கள். அந்த நாட்களில் டெங்கு நிறைய இருந்தது. அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

வியாழக்கிழமை காலை நான் போனபோது அவன் கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. முந்தின மத்தியானத்திலிருந்து சிறுநீர் போகவில்லை என்று வார்ட்டில் நாங்கள் மிஸ் என்று கூப்பிடுகிற தாதி சொன்னார். நான் நேரே டொக்டரிடம் போய், "குழிக்குப் போயிருக்கிறான்," என்றேன். அவர் என்னை ஏசவில்லை. ஒரு நொடி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து எழுதத் தொடங்கினார். மத்தியானத்துக்குள் அம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அது எலிக்காய்ச்சல். சிங்களத்தில் மீ உண என்பார்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் அந்தக் கிருமி இருக்கும். காலில் கையில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும், உள்ளே போய்விடும். முதலில் சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் இருக்கும். மருந்தை நேரத்தோடு தொடங்கினால் பெரும்பாலும் சுகமாகிவிடும். சிலருக்கு ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். என் மகனுக்கு இரண்டையும் பிடித்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டொக்டர் எங்களை நிற்க வைத்து விளக்கினார். சிறுநீரகம் செத்துப்போகவில்லை, வேலைநிறுத்தம் செய்கிறது என்றார். கிரியேட்டினின் என்பது உடம்பு வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு. அது இரத்தத்தில் ஏறிக்கொண்டே போனால் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அது திரும்ப வேலைக்கு வரும்வரை ஒரு மெஷின் அந்த வேலையைச் செய்யும். கழுத்து நரம்பில் ஒரு குழாய் போட்டு, இரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து திருப்பி அனுப்புவார்கள்.

"எப்போது வேலைக்கு வரும்?" என்று என் கணவர் கேட்டார்.

"சில பேருக்குச் சீக்கிரம். சில பேருக்கு வாரங்கள். சொல்ல முடியாது."

வராமலே போகலாமா என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பிறகு அவர் ஒன்று கேட்டார்: "குழிக்கு இறங்குகிறவர்களுக்குச் சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ., தடுப்பு மாத்திரை கொடுப்பார். வாரத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டும். இவருக்குக் கிடைக்கவில்லையா?"

"யாரும் ஒன்றும் தரவில்லை," என்றேன். எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட ஓர் ஆள் கிடைத்ததில் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அன்று மாலை கசுன் எனக்குப் போன் எடுத்தான். தோட்டத்துக்குக் கீழே இருக்கிற கிராமத்துப் பையன், நிரோஷனின் கூட்டாளி. எங்கள் மைதானத்தில் கிரிக்கெட் விளையாடியே தமிழ் கற்றுக்கொண்டவன். குழிக்குக் கூட்டிப் போனவனும் அவன்தான். "டீச்சர், நிரோவுக்கு எப்பிடி? நான் ஒண்ணு சொல்லணும்..." என்றான். "இனி இந்த நம்பருக்கு எடுக்காதே," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆண்கள் வார்ட் என்பதால் இரவில் அவனோடு நிற்க எனக்கு அனுமதி இல்லை. கணவர் நின்றார். எனக்குக் கிடைத்தது பார்வையாளர் நேரம் மட்டும், மத்தியானம் ஒரு மணித்தியாலம், மாலை ஒரு மணித்தியாலம். கேட்டைத் திறந்ததும் ஆட்கள் சாப்பாட்டுப் பார்சலும் கையுமாக ஓடுவார்கள். நானும் ஓடுவேன். ஓடிப்போய்க் கட்டிலின் காலடியில் தொங்குகிற தாளைத்தான் முதலில் பார்ப்பேன். எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று எழுதுகிற தாள். வெளியே வந்த பக்கத்தில் சின்னக் கோடுதான் இருக்கும்.

"தம்பி, யூரின் வந்துச்சா?"

"இல்ல."

"கொஞ்சங்கூடவா? வயித்துல வலி இருக்கா? வாந்தி? காலைல எடுத்த பிளட்டுக்கு மிஸ் என்ன சொன்னாங்க?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "அம்மா. உங்களுக்கு ஒரு மணித்தியாலந்தான் குடுக்கிறாங்க."

"அதான் தம்பி, அதுக்குள்ள எல்லாத்தையும்..."

"அதுலயும் நீங்க இங்க இல்ல."

நான் எங்கே இருந்தேன் என்று அவனுக்குத் தெரியுமா என்று பயந்தேன். நான் செவ்வாய்க்கிழமை நாலு பத்தில் இருந்தேன். இல்லாவிட்டால், வாரத்துக்கு மூன்று தடவை மெஷினில் கிடக்கிற நாற்பது வயது நிரோஷனுக்குப் பக்கத்தில் இருந்தேன். கட்டிலில் கிடந்த இருபது வயது நிரோஷனுக்குப் பக்கத்தில் மட்டும் இல்லை.

"நீங்கதானே அசெம்பிளில சொல்லுவீங்க," என்றான். "கண்ண மூடுங்க. மூச்சு வாறதப் பாருங்க, போறதப் பாருங்க. நெனப்பு எங்கயாச்சும் ஓடினா திட்டாதீங்க, மெதுவாக் கூட்டிட்டு வாங்க."

காலைக் கூட்டத்தில் தேவாரம் முடிந்ததும் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் அமைதியாக நிற்க வைப்பது எங்கள் பாடசாலையில் வழக்கம். நடத்துவது என் பொறுப்பு.

"அது சின்னப் பிள்ளைங்களுக்குத் தம்பி."

"நானும் சின்னப் பிள்ளையாத்தானே உங்ககிட்டப் படிச்சேன். நான் மூடிக்குவேன். நீங்கதான் மூட மாட்டீங்க."

"மூடியிருந்தா அது எப்பிடித் தெரியும் உனக்கு?"

வெடித்த உதட்டோடு சிரித்தான். "ஒரு நாள் தொறந்து பாத்தேன். நீங்க பிரம்போட நின்னு யாரு முழிச்சிருக்கான்னு பாத்துக்கிட்டிருந்தீங்க."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பிரம்பு பிடிக்கிற கையை அவன் செய்து காட்டியதைப் பார்த்து அவரும் சிரித்தார்.

அவனுக்கு இருந்த பெரிய வேதனை தாகம். சிறுநீர் போகாத உடம்புக்குள் தண்ணீர் சேர்ந்தால் நுரையீரலில் ஏறிவிடும். அதனால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுப்பார்கள். வருகிறவர்கள் எல்லாரும் அன்பாகத் தம்பிலி இளநீர் கொண்டுவருவார்கள். சிறுநீரகம் வேலை செய்யாதவனுக்கு அதைப்போல ஆபத்து வேறு இல்லை, அதில் பொட்டாசியம் கூட, இதயத்தையே நிறுத்திவிடும் என்று மிஸ் சொல்லி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார். நான் போத்தல் மூடியில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பேன். அவன் அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவான். விழுங்க மாட்டான்.

"என்ன பண்ற?"

கையைக் காட்டி நிற்கச் சொல்வான். விழுங்கிய பிறகுதான் பதில் வரும். "மொதல்ல சில்லுன்னு இருக்கும்மா. பெறகு நாக்குக்கு அடியில போகும். பெறகு வாயும் தண்ணியும் ஒரே சூடு ஆயிரும். அதுவரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தா ஒரு மூடி ஒரு கிளாஸ் மாதிரி."

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதான். பிரம்போட."

குழியில் இறங்கினதையும் அப்படித்தான் ஒருநாள் சொன்னான். நான் கேட்காமலே சொன்னான். "கீழ எறங்கினா வேற ஒண்ணும் நெனைக்க ஏலாதும்மா. தண்ணி, மண்ணு, கை. மேல வந்தா ரிசல்ட்டு, கெம்பஸ், நீங்க. கீழ ஒண்ணுமில்ல. அதுக்குத்தான் போனேன்." கல் கிடைத்தால் பங்கு உண்டு என்ற ஆசையில் போயிருப்பான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"மாத்திர தருவாங்களாமே, ஒனக்கு ஒருத்தரும் தரலியா?" என்று கேட்டேன்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். "அத விடுங்கம்மா."

மத்தியானத்துக்கும் மாலைக்கும் இடையில் எனக்குப் போக இடமில்லை. ஆஸ்பத்திரி வளவுக்குள் ஓர் அரசமரம், அதைச் சுற்றிச் சீமெந்துக் கட்டு, ஒரு சின்னப் புத்தர் சிலை. வெள்ளைச் சேலையில் கும்பிட வந்தவர்களுக்கு நடுவில் நானும் ஓர் ஓரமாக உட்காருவேன். அங்கேதான் முதல் தடவையாகக் கண்ணை மூடினேன். மூச்சைப் பார்த்தேன். மூச்சு கிடைக்கவில்லை, கடிகாரம்தான் கிடைத்தது. நாலு பத்து. அதற்குக் கீழே டொக்டரின் வாய். "இல்லை" என்ற என் குரல். கண்ணைத் திறந்து எழுந்து நடந்தேன். அடுத்த நாளும் அதுவேதான். மனதைத் துரத்தத் துரத்த அது இன்னும் சத்தமாகக் கத்தியது.

அங்கே அமைதி கிடைத்தது என்று எழுதினால் பொய் சொன்னவளாவேன். கொஞ்ச நாளில் ஒன்று மட்டும் கைவந்தது. அந்த நினைப்பு வரும்போது அதோடு மல்லுக்கட்டாமல், 'நாலு பத்து வந்திருச்சு' என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொள்வேன். பிறகு சீமெந்தின் மேல் இருக்கிற உள்ளங்காலைக் கவனிப்பேன். குளிர்ச்சி, சொரசொரப்பு, ஓர் எறும்பு. திரும்ப வரும். திரும்பச் சொல்வேன். சில நாள் முழு நேரமும் இதிலேயே போகும். ஆனால் கேட் திறக்கும்போது நான் ஓடவில்லை. நடந்து போனேன். தாளைப் பார்க்காமல் முதலில் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் மீசை வளர்ந்திருந்தது. அது எத்தனை நாளாக அப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த மூச்சுப் பயிற்சியைப் பற்றி அந்தப் பெண் டொக்டரிடம் கேட்டேன். "கிரியேட்டினினை இது குறைக்காது, அம்மா," என்றார் நேராகவே. "ஆனால் நீங்கள் வந்தால் முன்பு இவருக்குப் பிரஷர் ஏறும். இப்போது ஏறுவதில்லை." எனக்கு ஆறுதல் சொல்லத்தான் சொன்னார். நான் வந்தால் பிரஷர் ஏறும் என்ற பாதிதான் என் நெஞ்சில் நின்றது.

அன்று மாலை நான் மகனிடம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை டொக்டர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று. சொல்லும்போது போர்வையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஓடிப்போகாமல் இருக்க ஏதாவது பிடிக்க வேண்டியிருந்தது.

"தெரியும்," என்றான். "நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பெறகு ஏன்டா நீ சொல்லல?"

"நீங்க இல்லன்னு சொன்ன பெறகு நான் ஆமான்னு எப்பிடிம்மா சொல்றது? அத்தன பேருக்கு முன்னால?"

அவனுக்குக் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்திலும் அவன் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறான். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று மணி அடித்தது. நான் அசையவில்லை. மிஸ் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தேன்.

என் கணவர் ஒரு தடவைகூட என்னை அதைப் பற்றிக் கேட்கவில்லை. விடிந்ததும் வீட்டுக்குப் போய், மரக்கறியைச் சின்னதாக வெட்டி, அவித்து அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி அவித்து, உப்பில்லாமல் சமைத்து, மத்தியானத்துக்குள் பஸ்ஸில் கொண்டுவருவார். இரண்டு தடவை அவித்தால் பொட்டாசியம் போய்விடும் என்று மிஸ் சொல்லியிருந்தார். வீட்டில் அதுவரை அவர் தேத்தண்ணீர்கூட ஊற்றியதில்லை. அரசமரத்தடியில் எனக்கும் ஒரு பார்சலை நீட்டுவார். "சாப்பிடு சாந்தி. உப்புப் போட்டதுதான் இது." ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் கேட்காததால் அந்தக் கேள்வி இன்னும் எங்கள் வீட்டில் அப்படியே இருக்கிறது.

ஒருநாள் மத்தியானம் நான் உள்ளே போனபோது நிரோஷன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தான். "இன்னிக்குப் பாக்கலாம்," என்றான். வெளியே வந்த பக்கத்தில் கோடு இல்லை, ஓர் எண் இருந்தது. ஒரு சின்னத் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் அடங்கும் அளவுதான். அடுத்த நாள் கூடியது. பிறகு கட்டுக்கு அடங்காமல் போகத் தொடங்கியது. சிறுநீரகம் தூங்கி எழும்பும்போது இப்படித்தான் கொட்டும், இப்போது தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கும் என்றார் டொக்டர். அவனுக்கு முதல் தடவையாக முழு கிளாஸ் கொடுத்தார்கள். அவன் அதையும் மெதுவாகத்தான் குடித்தான். நான் பக்கத்தில் இருந்தேன். அந்த ஒரு கிளாஸ் முடியும்வரை வேறெங்கும் போகவில்லை என்று என்னால் சத்தியம் பண்ண முடியும்.

கழுத்துக் குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் கிரியேட்டினின் முழுதாக இறங்கவில்லை. ஒவ்வொரு கிளினிக் நாளிலும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஓரிடத்தில் நின்றுவிடவும் கூடும் என்கிறார்கள். கெம்பஸ் தொடங்குவதற்குள் உடம்பு தேறுமா தெரியாது. மாலையில் இரண்டு பேரும் பெக்டரி ரோட்டில் நடக்கிறோம். பேசுவதில்லை. கால் தரையில் படுவதைக் கவனிப்பதுதான் விதி. நான் கணக்குப் போடத் தொடங்கினால் என் நடை வேகமாகிவிடுமாம். "அம்மா, கிளினிக்குக்குப் போயிட்டீங்களா? திரும்பி வாங்க," என்பான். திரும்பி வருவேன். நாலு பத்து இன்னும் தினமும் வருகிறது. வரும்போது அதன் பெயரைச் சொல்லி, கொஞ்சம் ஒதுங்கி உட்கார இடம் கொடுக்கிறேன். டொக்டர் சேறு, குழி, வயல் என்று கேட்டால் மானத்தைப் பார்க்காமல் உள்ளதைச் சொல்லுங்கள் என்று இப்போது லயத்துத் தாய்மாரிடம் சொல்கிறேன். ஏன் என்று அவர்கள் கேட்டால் காரணத்தையும் சொல்கிறேன்.

மகன் வேறொன்றும் கேட்கவில்லை, ஒரு விஷயத்தைத் தவிர. "கசுன வரச் சொல்லுங்கம்மா. நீங்கதான் சொல்லணும்." அந்த நம்பருக்கு நானே எடுத்தேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. "வா," என்று மட்டும் சொன்னேன்.

பல நாள் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மழை விட்டதும் வந்தான். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, கழுவின காலோடு அங்கேயே நின்றான். உள்ளே வரச் சொன்னேன். வந்தும் உட்காரவில்லை. நிரோஷன் கட்டிலிலிருந்து, "மச்சாங், தம்பிலி கொண்டாந்தியா? கொண்டாந்தா அம்மா பிரம்ப எடுப்பாங்க," என்றான். கசுன் சிரிக்கவில்லை. காற்சட்டைப் பையிலிருந்து பேப்பரில் சுற்றிய எதையோ எடுத்தான்.

"அன்னிக்கு போன்ல இதத்தான் டீச்சர் சொல்ல வந்தேன்," என்றான்.

"டேய், அத விட்டுரு," என்றான் நிரோஷன்.

பேப்பருக்குள் மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. ஒரு மாத்திரைகூட உடைக்கப்படவில்லை. நான் பார்த்தேன். மூச்சு உள்ளே போனது. வெளியே வர நேரம் எடுத்தது. எழுந்து அடுப்படிக்குப் போகலாம் என்று கால்கள் சொன்னன. நான் போகவில்லை.

"இது நிரோட மாத்திர," என்றான் கசுன். "பீ.எச்.ஐ. மாத்தயா குழிக்கு வந்து எல்லாருக்கும் குடுத்தாரு. வீட்டுக்குக் கொண்டு போனா அம்மா கண்டிருவாங்க, நீ வச்சிரு, கெழமைக்கு ஒருக்கா ஞாபகமாக் குடுன்னு எங்கிட்டத் தந்தான். நான் மறந்துட்டேன், டீச்சர்."